தூணற்ற ஆலயமும் கேளாத திருவசனமும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கரையோரச் சபையொன்றின் புதிய ஆலயத்தில் ஆராதிக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. பழைய ஓட்டுக்கூரை ஆலயத்தை இடித்து, அதே மனையில் எழுப்பப்பெற்ற கான்கிரீட் கட்டடம் அது. உள்ளே ஒரு தூணும் இல்லை. தரை முழுதும் பளபளக்கும் கிரானைட், சுவரெங்கும் கண்ணாடிச் சன்னல்கள், ஏ.சி. ஓடுவதால் அவை யாவும் அடைபட்டிருந்தன. போதகர் நன்கு ஆயத்தம் செய்தே பிரசங்கித்தார் என்பதைப் பின்னர் அவருடைய குறிப்புகளைக் கண்டு அறிந்தோம். அமர்ந்திருந்தபோது அதை அறிய வழியில்லாதிருந்தது. வாசலில் வயோதிகத் தாயார் ஒருவர் நம்மிடம், "ஐயா, சத்தம் வந்துச்சு, வசனந்தான் வரலை" என்றார்.

அச்சபையார் ஒலிபெருக்கிக்காரரைக் குறைகூறினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. போதகர் வாய் திறப்பதற்கு முன்னரே கட்டடம் பேசிவிடுகிறது. ஆலயக் கட்டடத்தைப் பற்றி நம்மிடையே நடந்த உரையாடல்கள் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியனவே. கோதிக் வளைவு வேண்டுமா, கோபுரமும் தாமரையும் வேண்டுமா என்று வாதிட்டோம். 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற தோர்ணக்கல் பேராலயத்தை, அசரியா அத்தியட்சர் இந்திய வடிவங்களை இணைத்துக் கட்டியதற்காகப் போற்றுகிறோம், தக்கதே. ஆயினும் சுவர் எதனால் ஆனது, கூரை எவ்வாறு நிற்கிறது, அது சபையாரின் செவிக்கும் உடலுக்கும் என்ன செய்கிறது என்னும் வினாக்களைப் பொறியாளரிடம் விட்டுவிட்டோம். பொறியாளரும் அவற்றை மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார்.

சிதம்பரம் நடராசர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நடந்தவர்கள், தூண்கள் அங்கு அழகுக்காக மட்டும் நிறுத்தப்படவில்லை என்பதை உணர்வர். கருங்கல் தன்மேல் ஏறும் பாரத்தைச் சலிப்பின்றிச் சுமக்கும். வளைந்து இழுபடும் விசையையோ அதனால் தாங்க இயலாது. எனவே கல் உத்திரம் சில அடி தூரமே தாண்டும். அதற்கப்பால் மற்றொரு தூண் வேண்டும். அங்கே எதையும் ஒருசேரக் காண முடியாது. தூண்களுக்கிடையே நடந்து நடந்தே காணவேண்டும். அந்தப் பக்தியின் நடையையே கல்லின் இயல்பு வகுத்திருக்கிறது. இத்தனை கல்லுக்கு நடுவே, பொன் வேய்ந்த கூரையையுடைய சிற்சபை மரத்தாலானது என்பது மேலும் நோக்கத்தக்கது. கடினமானதைக் கடந்து மென்மையானதை அணுகுகிறோம் என்பதைப் பாதமும் கண்ணும் எவ்வித விளக்கவுரையுமின்றி உணர்ந்துகொள்கின்றன. கல் மிகக் கடினமான பொருளாயினும் கோயில் மண்டபங்கள் பலவும் பக்கங்கள் திறந்தவை. எழுந்த ஒலி அங்கே தங்குவதில்லை.

கான்கிரீட் இந்த நிலையை மாற்றியது. கல்லுக்கு இயலாத இழுவிசையை உள்ளே பதிந்த இரும்புக் கம்பி ஏற்றுக்கொள்ளுவதால், நாற்பதடி அகலத்தையும் தூணின்றி மூடலாம். சீர்திருத்தச் சபைகளுக்கு இது பெரும் பேறு என்றே கூறவேண்டும். 1544-இல் லூத்தர் பிரதிஷ்டை செய்த டோர்காவ் கோட்டைச் சிற்றாலயத்தில் பிரசங்க பீடத்தைச் சூழ மாடங்கள் அமைந்துள்ளன. எல்லாரும் கேட்கவேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். அன்று அரிதாயிருந்ததை இன்று கிராமச் சபையும் அடையலாம். ஆனால் தூணை அகற்றிய அதே பொருள், தன்மேல் படும் ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

1895-இல் ஹார்வர்டில் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம், யாருக்கும் பேச்சு விளங்காத புதிய விரிவுரை மண்டபம் ஒன்று ஒப்படைக்கப்பட்டது. பேசிய சொல் அங்கே ஐந்தரை வினாடி தங்கியது. அதற்குள் பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. அவர் வேறொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து பரப்பி, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்று அளந்தார். அளவுகோலாக அவர் கொண்டது திறந்த சன்னலை! வெளியே சென்ற ஒலி திரும்புவதில்லையாதலின், திறந்த சன்னலே முழுமையாக ஒலியை விழுங்குவது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடுமேயன்றிச் சொல் தெளிவாவதில்லை.

இடிக்கப்பெற்ற பழைய ஆலயத்தை இவ்வொளியில் நினைத்துப் பார்க்கிறோம். மரச் சட்டங்களின்மேல் இடைவெளியுள்ள ஓடுகள், சுண்ணாம்புப் பூச்சு, ஆளுயரச் சன்னல்கள். அதைக் கட்டியவர்கள் சபைனை அறிந்தவர்களல்லர். காற்றுக்காகவே சன்னல் வைத்தனர். வசனத்துக்கும் அதுவே வழியாயிற்று. புதிய தளமோ பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்து மாலை ஜெபக் கூட்டத்தில் தலைமேல் இறக்குகிறது, அதற்காக ஏ.சி., ஏ.சி.க்காகச் சன்னலடைப்பு.

ஆயினும் ஓட்டுக்கூரையைப் பாடிக்கொண்டிருக்க நமக்கு உரிமையில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2011-இன் தானே புயலையும் கண்டவர்கள் கடலூர்க் கரையோர மக்கள். குடிசையில் பிறந்தவர்களுக்குத் தளம் போட்ட கட்டடம் பாதுகாப்பு மட்டுமன்று, மதிப்பும் ஆகும். தங்கள் தேவனுக்கு ஓலையோ ஓடோ போதும் என்று அவர்களிடம் கூற நமக்கு நா எழவில்லை. (உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும் என்பதை மட்டும் கட்டடக் குழுவினர் மறவாதிருத்தல் நலம்.)

கான்கிரீட்டே குற்றவாளி என்பதும் சரியன்று. கடலூருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதி நிற்கிறது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகஷிமா முதலியோர் உடனிருந்து கட்ட, 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் நிறைவுற்றது. இந்தியாவின் தொடக்ககால இரும்புக்கம்பிக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்றாகிய அது, தான் கான்கிரீட் என்பதை மறைக்கவில்லை. தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் தனியே நிற்க, இடையில் காற்று ஓடுகிறது. சன்னல்களுக்கு மாறாகச் சுவர் நெடுகத் திறந்து மூடும் சாய்பலகைகள். உள்ளே செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. தங்குவோரின் அமைதியை அங்கே கட்டடமே காக்கிறது. அது தங்கும் விடுதி, ஆராதனை மண்டபமன்று. அப்படியே நகல் எடுக்க இயலாது. ஆனால் அதை அமைத்தவர்கள் இந்தக் காற்றையும் வெயிலையும் கேட்டறிந்து கட்டினார்கள். நம் கட்டடக் குழுக்கள் பெரும்பாலும் அடுத்த ஊர்த் திருமண மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருகின்றன.

சில வாரங்கள் கழித்து அதே சபைக்கு மீண்டும் சென்றோம். அன்று மின்சாரம் இல்லை. வாலிபர்கள் சன்னல்களைத் திறந்தனர். போதகர் ஒலிபெருக்கியின்றிப் பேசினார். முன் பாதியில் இருந்தோருக்கு நன்றாகக் கேட்டது; அந்தத் தாயார் தலையசைத்துக்கொண்டிருந்ததையும் கண்டோம். பின் வரிசைகளுக்கு எட்டவில்லை. அங்கிருந்த சன்னல்கள் திறக்கவே இயலாதவாறு பதிக்கப்பட்டிருந்தன.