கார்பைட் விளக்கு

விருந்து மேசையில் தம்ளருக்கு அடியில் ரசாயனத்தால் ஒளிரும் தட்டுகள் இன்று வேடிக்கைப் பொருள். ஆனால் கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதிக்காரர்களுக்கு அன்று ரசாயன வெளிச்சம் பிழைப்போடு ஒட்டியது. பாதாளச் சுரங்கத்தில் வழிகாட்டிய கார்பைட் விளக்கைத்தான் சொல்கிறேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு அறைகள். கீழறையில் சாம்பல் நிறக் கார்பைட் கற்கள், மேலறையில் தண்ணீர். திருகை லேசாகத் திறந்தால் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். கல் சூடாகிப் பொரியும். அசெட்டிலின் வாயு ஊசித்துளை வழியே சீறி வரும். பற்றவைத்தால் வெள்ளைச் சுடர். சுடருக்குள் கரித்துகள்கள் தகதகப்பதால்தான் அத்தனை பிரகாசம். பின்னாலுள்ள பித்தளைக் கிண்ணி அதை முன்னோக்கித் திருப்பும். பூண்டு நாற்றம் கூடவே வரும். எரிந்து முடிந்தால் மிஞ்சுவது சுண்ணாம்புச் சேறு.

கார்பைடும் நீரும் சேர்ந்தால் இந்த வாயு பிறக்கும் என 1862-இல் கண்டவர் ஜெர்மானியர் வோலர். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-இலேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் கம்பி எட்டாத பாறை இடுக்கில் தொழிலாளி கையோடு கொண்டுபோகத் தனி விளக்கு வேண்டியிருந்தது. நிலக்கரிச் சுரங்கம் போல வெடிவாயு அச்சம் பெரிதாக இல்லாததால் தங்கச் சுரங்கத்தில் திறந்த சுடர் செல்லுபடியானது. வெளிச்சத்தின் அளவைத் தன் விரலாலேயே கூட்டிக் குறைக்க முடிந்த அந்தத் திருகுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது.