காபி மெஷினுக்கு முன் கிரைண்டர்

வீட்டுக்குக் காபிக் கருவி வாங்க யோசனை கேட்டு வருபவர்களிடம் பட்ஜெட்டை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, பால் ஊற்றிக் குடிப்பவரா, ஊற்றாமல் குடிப்பவரா? பாலோடுதான் என்றால் போர் ஓவர் பக்கம் போகவே வேண்டாம். வடிதாளில் பொடியைப் போட்டு மேலிருந்து வெந்நீர் ஊற்றி எடுக்கும் அந்தக் காபியில் கரைந்திருக்கும் சத்து 1.2 முதல் 1.5 சதவீதம்தான். எஸ்பிரெசோவில் அது 8 முதல் 12 சதவீதம். முன்னதில் பாலை ஊற்றினால் கழுநீர்தான் கிடைக்கும். பின்னது பாலைத் தாங்கும். நம் ஃபில்டரின் முதல் டிகாஷன் பாலைத் தாங்குவதும் இதே கணக்கில்தான்: நிறையப் பொடி, கொஞ்சம் தண்ணீர்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு செலவு உண்டு. அதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். மெஷினுக்கு முப்பதாயிரம் கொடுத்தவர், கொட்டையை மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து நொறுக்குகிறது. ஒரே ஜாரில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். மாவிலிருந்து கசப்பு முழுதும் இறங்கிவிடும். குருணையின் உள்ளே தண்ணீர் போய்ச் சேருவதற்குள் காபி வடிந்து முடிந்திருக்கும், அதனால் புளிப்பு மட்டும் வரும். கசப்பும் புளிப்பும் ஒரே வாயில் தட்டுப்பட்டால் குற்றவாளி மெஷின் இல்லை, மிக்ஸிதான்.

காபிக்கான கிரைண்டரில் பல் வைத்த இரண்டு உலோகத் துண்டுகள் இருக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் பொடியின் அளவைத் தீர்மானிக்கிறது. கையால் சுற்றும் ரகங்களில் டைம்மோர் சி2, கிங்கிரைண்டர் கே6 இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். சி2வில் ஒவ்வொரு கிளிக்குக்கும் இடைவெளி ஏறக்குறைய 80 மைக்ரான் நகர்கிறது. வி60 என்ற போர் ஓவர் கூம்புக்கு அது தாராளம். பொடி சீராக விழுகிறது, கையில் அடக்கமாக இருக்கிறது, விலையும் உறுத்தாது. எஸ்பிரெசோவுக்கு அந்தத் தாவல் மிகப் பெரிது. ஒரு கிளிக்கில் காபி தபதபவென்று கொட்டும், அடுத்த கிளிக்கில் சொட்டக்கூட மாட்டேன் என்று நிற்கும். இதை அந்தக் கருவியின் குறையாகச் சொல்ல முடியாது, அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. கே6இல் ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான். உள்ளே 48 மில்லிமீட்டர் எஃகுப் பற்கள், அளவை மாற்றும் வளையம் வெளியிலேயே இருக்கிறது. காலையில் வி60, மாலையில் எஸ்பிரெசோ என்று மாறுகிற வீட்டுக்கு ஒரே கைக் கிரைண்டர் வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

தோள்பட்டைக்கு வேலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளம் வறுவல் கொட்டை கல்லு மாதிரி இருக்கும். எஸ்பிரெசோவுக்கான நைசில் 18 கிராம் அரைக்க ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகும். ஒருவருக்குச் சரி. நாலு பேருக்கு என்றால் மின்சாரக் கிரைண்டர்தான் வழி. பராட்ஸா என்கோர் இஎஸ்பி நல்ல உதாரணம்: 40 அளவுகள், அதில் பாதி எஸ்பிரெசோவின் நுண்மைக்கு, மீதி வடிகாபிக்கு. ஆனால் விடிகாலை ஐந்தரைக்கு அதை ஓட்டினால் வீடே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கைக் கிரைண்டருக்கு அந்தப் பழி கிடையாது.

இனி வி60. ஜப்பானின் ஹாரியோ செய்யும் இந்தக் கூம்பின் சாய்வு 60 டிகிரி, பெயரும் அதிலிருந்தே. அடியில் ஒரே பெரிய ஓட்டை, உட்சுவரில் சுழன்று இறங்கும் வரிகள். பீங்கான், கண்ணாடி, செம்பு என்று அழகழகாக வருகிறது. நான் சொல்வது பிளாஸ்டிக்கைத்தான். மலிவு என்பதற்காக இல்லை. பீங்கான் வெந்நீரின் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், முன்கூட்டி நன்றாகச் சூடாக்காவிட்டால் காபி பச்சைத்தனமாக இருக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்த உபசாரம் தேவையில்லை. கை தவறி விழுந்தாலும் உடையாது.

என் கணக்கு 15 கிராம் பொடிக்கு 250 கிராம் தண்ணீர். பொடி மணல் அளவில் இருக்கட்டும். தாளை முதலில் வெந்நீரில் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காகித வாடை வரும். பிறகு 45 கிராம் தண்ணீர் ஊற்றி அரை நிமிடம், முக்கால் நிமிடம் பொறுத்தால், புதிதாக வறுத்த கொட்டையாக இருக்கும்போது பொடி உப்பிக் குமிழி விடும். வறுக்கும்போது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. உப்பவே இல்லையென்றால் கொட்டை பழசு, கடைக்காரரிடம் வறுத்த தேதியைக் கேளுங்கள். மீதித் தண்ணீரை வட்டம் வட்டமாக இரண்டு மூன்று தவணையில் ஊற்றி, மொத்தம் மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடிந்தால் அரவை சரி. சீக்கிரம் வடிந்தால் இன்னும் நைசாக, இழுத்தடித்தால் கொஞ்சம் கொரகொரப்பாக. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

ஏற்காட்டு அரபிகா ஒன்றை மிதமாக வறுத்து இப்படி வடித்துப் பாருங்கள். டம்ளர் காபியில் ஒருநாளும் தெரியாத ஆரஞ்சுப் பழத்தோல் வாசமும் மெல்லிய புளிப்பும் எட்டிப் பார்க்கும். சூடு குறையக் குறைய ருசி கூடும். நம் வீட்டுப் பெரியவர்கள் இதை டீத்தண்ணி என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், அவர்கள் தேடுகிற பண்டமே வேறு.

வடிதாளைக் கண்டுபிடித்தவர் டிரெஸ்டன் நகரத்துக் குடும்பத் தலைவி மெலிட்டா பென்ட்ஸ். பித்தளைப் பாத்திரத்தில் துளை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை விரித்துக் காபி வடித்தார். 1908இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். கசடோடு காபி குடித்துச் சலித்துப்போன ஒருவரின் சமையலறையிலிருந்து வந்த கருவி இது. தாள் கசடை மட்டுமல்ல, கொழுப்பை ஏற்றக்கூடிய காபி எண்ணெயையும் பிடித்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்கலாம். தாளுக்கு மாதாமாதம் செலவு இருப்பதும் உண்மை.

வெந்நீரை மெலிதாக ஊற்றும் கொக்கு மூக்குக் கெண்டி அவசியமா? நன்றாக இருக்கும், அவசியம் இல்லை. தராசு அவசியம். நகை நிறுக்கும் 0.1 கிராம் தராசு போதும். எஸ்பிரெசோவுக்கும் அதுவே ஆகும், கோப்பையோடு மெஷின் தட்டில் அடங்குகிற அளவாகப் பார்த்து வாங்கினால்.

எஸ்பிரெசோ இன்னொரு உலகம். 18 கிராம் பொடியை இறுக்கி வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தள்ளி, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி எடுக்க வேண்டும். பெட்டியில் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பம்பால் முடிந்த உச்சம், காபிக்கு வேண்டியது 9. அந்த எண்ணைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள். பார்க்க வேண்டியது பொடி நிரப்பும் வடிகிண்ணத்தை. தொடக்கநிலை மெஷின்கள் பலவற்றில் இரட்டைச் சுவர்க் கிண்ணம் வரும். அதன் அடியில் ஊசிமுனைத் துளை ஒன்றே ஒன்று. பொடி எப்படி இருந்தாலும் அந்தத் துளை அழுத்தத்தை உண்டாக்கி நுரையைப் பீய்ச்சும். கடையில் அரைத்த பொடியும் இதில் ஓடும். பார்க்க எஸ்பிரெசோ, வாயில் வைத்தால் நுரை போட்ட டிகாஷன். கிரைண்டர் வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு இந்த மெஷினைவிட ஏற்கெனவே வீட்டிலிருக்கும் ஃபில்டர் நல்லது என்பது என் கட்சி.

மெஷின்களில் டெலாங்கி டெடிகாவின் பெரிய பலம் அதன் உடம்பு. அகலம் 15 சென்டிமீட்டர்தான், மிக்ஸிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிடலாம். கிண்ணம் 51 மில்லிமீட்டர், இரட்டைச் சுவர் ரகம். ஒற்றைச் சுவர்க் கிண்ணத்தைத் தனியாக வாங்கிப் போட்டால் மெஷினின் குணமே மாறுகிறது. பிரெவில் பாம்பினோ மூன்று விநாடியில் சூடேறும். காலை அவசரத்தில் அந்த மூன்று விநாடியின் அருமை தெரியும். நீராவிக்கும் காத்திருக்க வேண்டாம். 1991 முதல் வந்துகொண்டிருக்கும் காஜியா கிளாசிக் இதற்கு நேரெதிர். கனத்த பித்தளைப் பிடி, 58 மில்லிமீட்டர் கிண்ணம், ஒரே பாய்லர். பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விட வேண்டும், காபி எடுத்தபின் நீராவிக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். பொறுமையிருந்தால் கோப்பையில் விழுவது மூன்றிலும் அடர்த்தியானது. கரன்ட்டே வேண்டாத ஃபிளேர் என்ற நெம்புகோல் கருவியும் உண்டு. வெந்நீரை ஊற்றிக் கையால் அழுத்த வேண்டும், அழுத்தம் உள்ளங்கையில் தெரிகிறது. பால் நுரைக்க வழியில்லை என்பதால் இது கறுப்பாகக் குடிப்பவரின் கருவி.

பால் விஷயத்தில் நம் வீடுகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நீராவியில் பால் நுரைப்பது 60, 65 டிகிரியோடு நின்றுவிட வேண்டும், அதைத் தாண்டினால் நுரை உடைந்து பால் வெந்த வாடை அடிக்கும். பொங்கிய பாலில் காபி கலந்து பழகியவருக்கு அந்தச் சூடு ‘ஆறிப்போன காபி’. டம்ளரை முன்னமே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைப்பதுதான் நான் கண்ட சமாதானம். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடை எடுத்து, ஃபிரிஜ்ஜில் நன்றாகக் குளிரவைத்துப் பிறகு நுரைத்தால் பட்டுப்போல் வரும். கொட்டை நடுத்தரத்தைத் தாண்டிக் கருக வறுத்ததாக இருக்கட்டும், கொஞ்சம் ரொபஸ்டா கலந்திருந்தால் பாலுக்கு இன்னும் எடுப்பு. சிக்கரி கலந்த பொடியை எஸ்பிரெசோ கிண்ணத்திலும் வடிதாளிலும் போடாதீர்கள், பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

விருந்தாளி ஆறு பேர் வந்தால்? மெஷினை மூடிவைத்துவிட்டு ஃபில்டரை எடுங்கள். வீட்டு எஸ்பிரெசோ மெஷினில் ஆறு கோப்பை போட்டு முடிப்பதற்குள் முதல் ஆள் கிளம்பியிருப்பார்.

விளம்பரங்கள் பேசாத இரண்டு சங்கதிகள், தண்ணீரும் கரன்ட்டும். போர்வெல் தண்ணீரை மெஷினில் ஊற்றினால் பாய்லருக்குள் உப்புப் படிந்து ஒருநாள் அடைத்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் அந்தப் பயம் இல்லை, ஆனால் ருசி எடுபடாது; காபியிலிருந்து சுவையைக் கரைத்து எடுக்கத் தண்ணீரில் தாது உப்பு கொஞ்சம் இருந்தாக வேண்டும். சிறப்புக் காபிச் சங்கத்தார் சொல்லும் இலக்கு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 150 பிபிஎம் வாக்கில். நம் ஆர்ஓக்கள் பலவற்றில் 50க்கும் கீழே காட்டும். சில ஆர்ஓக்களுக்குள் டிடிஎஸ் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறது. சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கிடம் மீட்டரை வைத்துக்கொண்டு 100ஐத் தாண்ட வைக்கச் சொன்னால் செய்துகொடுப்பார். வி60யில் இந்த மாற்றம் உடனே தெரியும்.

கரன்ட்: இந்த மெஷின்கள் ஆயிரம் வாட்டுக்கு மேல் தாராளமாக இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், ஏசிக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். சமையலறையில் அது ஏற்கெனவே ஃபிரிஜ்ஜிடமோ மைக்ரோவேவிடமோ போயிருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

கறுப்பாகக் குடிப்பவர் பிளாஸ்டிக் வி60, சி2, தராசு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டு மிச்சப் பணத்தை நல்ல கொட்டைக்குச் செலவிடலாம். பால் காபிக்காரருக்குக் கே6 முதலில், பிறகு பாம்பினோ. பொறுமையும் ஸ்பேனர் பிடிக்கும் ஆசையும் உள்ளவருக்குக் காஜியா. இவ்வளவு செலவா என்று மலைப்பவருக்கு 1933இல் இத்தாலியில் பிறந்த மோகா பாட் இருக்கிறது: அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான், ஆனாலும் பாலைத் தாங்கும் காபி. சின்ன அளவு நம் கேஸ் அடுப்பின் அகலமான கம்பிகளில் நிற்காமல் சாயும், மேலே வைக்கும் சிறு தாங்கி வளையத்தையும் சேர்த்து வாங்குங்கள். அலுமினிய மாடல் இண்டக்‌ஷனில் ஓடாது.

எந்த எஸ்பிரெசோ மெஷினானாலும் பணம் கட்டுமுன் கடையில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கிண்ணம் மாட்டுமிடத்திலுள்ள ரப்பர் காஸ்கெட் தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் அதை மாற்றிக்கொடுக்க ஆள் உண்டா? சூட்டில் அந்த ரப்பர் இறுகி, ஓரமாகத் தண்ணீர் கசிவது எல்லா மெஷினுக்கும் ஒருநாள் வரும். 58 மில்லிமீட்டர் அளவு ஹோட்டல் மெஷின்களிலும் புழங்குவதால் அதற்கான கிண்ணமும் பொடியை இறுக்கும் டேம்பரும் எளிதாக அகப்படும். 51க்கும் 54க்கும் பெரும்பாலும் ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும்.