எண்ணா, இடமா?

திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு முன்னால் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். டோக்கனில் உள்ள எண்ணே தட்டின் எண்ணாகவும் இருந்தால் பௌர்ணமிக் கூட்டத்திலும் கடைக்காரரின் கை நேராகச் செருப்பின் மேல் விழும். அந்த எண்ணை நோட்டில் தேடி, அங்கே எழுதியிருக்கும் தட்டுக்குப் போக வேண்டுமென்றால் வரிசை தேரடி வீதிவரை நிற்கும்.

லினக்ஸ் கெர்னல் நெடுங்காலம் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் கார்டோ வட்டோ கூப்பிடும்போது (இந்த அழைப்புதான் இன்டரப்ட்) வன்பொருள் தருவது ஓர் எண். கெர்னலுக்கு வேண்டியதோ டிஸ்கிரிப்டர், அதாவது எந்த டிரைவரை எழுப்புவது என்ற விவரம். எக்ஸ்86 கணினியில் ஒவ்வொரு சிபியுவுக்கும் 256 இடங்கள் கொண்ட அட்டவணை உண்டு. அதில் இன்னோர் எண்தான் இருந்தது. அதை வைத்து ரேடிக்ஸ் மரம் என்ற தரவமைப்பில் இறங்கித் தேட வேண்டும். 2015இல் கெர்னல் நிரலாளர் தாமஸ் கிளெய்க்ஸ்னர் அந்த எண்ணை எடுத்துவிட்டு டிஸ்கிரிப்டரின் முகவரியையே வைத்தார். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் சில்லுகள் பயன்படுத்தும் பொது அட்டவணையில் 2021இல் இன்னொரு கெர்னல் நிரலாளரான மார்க் சிங்கியர் இதே வழியில் போனார்.

மிச்சமான நேரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இதன் பின்விளைவு. 2023இல், லினக்ஸ் 6.5 பதிப்பில், ரேடிக்ஸ் மரத்தின் இடத்தில் மேப்பிள் மரம் என்ற வேறொரு தரவமைப்பு வந்தது. நோக்கம் வேகமல்ல, இன்டரப்ட்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பைத் தளர்த்துவது. இன்டரப்டைக் கையாளும் அவசரப் பாதை அதற்குள் மரத்தைவிட்டு விலகியிருந்ததால் மரத்தையே மாற்றுவது எளிதாயிற்று என்பது என் கணிப்பு.

ஆனால் முகவரிக்கு ஓர் ஆபத்து உண்டு. டிஸ்கிரிப்டர் நீக்கப்பட்டபின் பழைய எண்ணைக் கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான். பழைய முகவரியோ விடுவிக்கப்பட்ட நினைவகத்துக்குள் கொண்டுபோய்விடும், கெர்னலே விழலாம். ஆகவே முகவரி பதிந்த ஒவ்வோர் இடத்தையும் முதலில் துடைத்தாக வேண்டும். இன்டரப்ட் ஒரு சிபியுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இது இன்னும் சிக்கல்: புதிய இடத்தில் முதல் அழைப்பு வரும்வரை பழைய இடத்தையும் காலி செய்ய முடியாது. தேடலில் குறைந்த வேலை நீக்கும் நேரத்துக்கு இடம் மாறியிருக்கிறது. தேடல் ஓயாமல் நடப்பது, நீக்கல் அரிது. அதனால் இந்த மாற்றம் சரி என்றே சொல்வேன்.

எல்லாச் சில்லுக்கும் இதே லாபம் கிடைக்காது. சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி தலைமையில் ரிஸ்க்-ஃபைவ் வகை ஷக்தி செயலிகளை உருவாக்கியது. 2018இல் ஒன்று சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் தயாரானது. இந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தில் வழக்கமாக இருக்கும் பிளிக் என்ற இன்டரப்ட் கட்டுப்பாட்டகம் 1023 மூலங்கள்வரை ஏற்கும். எண்கள் நெருக்கமாக இருப்பதால் நேரடி அட்டவணையே போதும். தேடல் அங்கே ஏற்கெனவே மலிவு. செலவு வேறிடத்தில். லினக்ஸ் டிரைவர் பிளிக்கை வாசித்து எண்ணைப் பெறுகிறது, வேலை முடிந்ததும் எழுதிச் சொல்கிறது, பூஜ்யம் வரும்வரை மீண்டும் வாசிக்கிறது. ஒரே ஓர் அழைப்பு வந்தாலும் இரண்டு வாசிப்பு, ஓர் எழுத்து. இவை எதுவும் கேஷில் கிடைக்காது, ஒவ்வொன்றும் பஸ்ஸைக் கடந்து போய்வர வேண்டும். ஷக்தி பலகையில் கெர்னலை வேகப்படுத்த நினைக்கும் மாணவர் முதலில் அளக்க வேண்டியது அந்த மூன்று பயணங்களை.