பெண்ணுரிமை வரலாறும் கையெழுத்துச் சான்றுகளும்

ஒரு பேரியக்கத்தின் வரலாற்றை அதனை நடத்தியோரே எழுதுவாராயின் அதனினும் நம்பத்தக்க நூல் பிறிதில்லை எனக் கருதுவோர் பலர். கண்டாரே கூறுதலின் அக்கூற்றுப் பிழைபடாது என்பது அவர்தம் கொள்கை. ஆயினும் கண்டார் அனைவரும் ஒரே பக்கத்தில் நின்று கண்டாரல்லர். கண்டவற்றை எல்லாம் கூறினாருமல்லர். ஆதலின் நூலிற் சொல்லப்பட்டவற்றைச் சொல்லாது விடப்பட்டவற்றோடு ஒப்புநோக்குதற்கு வேறு சான்றுகள் வேண்டப்படுகின்றன. அச்சேற்றும் நோக்கமின்றி எழுதப்பட்ட கடிதம், நாட்குறிப்பு, கணக்கேடு, கூட்டக் குறிப்பு என்பனவே அச்சான்றுகள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெண் வாக்குரிமை இயக்கம் இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அவ்வியக்கத்திற்கு முதனூல் எனத்தக்கது 'பெண் வாக்குரிமை வரலாறு' என்னும் பெருந்தொகுதி. எலிசபெத் கேடி ஸ்ரான்ரன், சூசன் பி. அந்தனி, மற்றில்டா யொஸ்லின் கேஜ் ஆகிய மூவரும் 1881, 1882, 1886 ஆம் ஆண்டுகளில் முதல் மூன்று பாகங்களை வெளியிட்டனர். அந்தனியும் ஐடா ஹஸ்ரெட் ஹாப்பரும் சேர்ந்து நான்காம் பாகத்தை 1902 இல் வெளியிட்டனர். ஹாப்பர் இறுதி இரு பாகங்களையும் 1922 இல் நிறைவு செய்தார். ஆறு பாகங்களும் 5,700 பக்கங்களுக்கு மேற்பட்டன. பெண்களின் பொதுவாழ்வு நூலிலேற்றத் தகாதது என்று ஆண்கள் கருதிய காலத்தில், உரைகளையும் மனுக்களையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் தேடித் தொகுத்த அவ்வுழைப்பு போற்றுதற்குரியது. அந்தனி அந்நூலின் உரிமையை வாங்கிப் பல நூலகங்களுக்கு இலவசமாகவே படிகளை அனுப்பினார். அதனாற் பின்வந்த வரலாற்றாசிரியர் கைக்கு எளிதிற் கிட்டிய நூல் அதுவேயாயிற்று. அதன் பெருமைக்கும் அதனால் நேர்ந்த குறைக்கும் காரணம் இதுவே.

குறை யாதெனின், இயக்கம் இரண்டாகப் பிரிந்து நின்ற காலத்தில் ஒரு சாரார் எழுதிய நூல் அஃது என்பதாம். உள்நாட்டுப் போரின் பின்னர் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வழங்கும் பதினைந்தாம் திருத்தம் விவாதிக்கப்பட்டபோது, பெண்களை விடுத்த அத்திருத்தத்தை ஸ்ரான்ரனும் அந்தனியும் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் ஸ்ரான்ரன் இனவெறுப்பு மொழிகளையும் கையாண்டார். லூசி ஸ்ரோனும் அவர் கணவர் ஹென்றி பிளாக்வெல்லும் திருத்தத்தை ஆதரித்தனர். 1869 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சங்கமும் நவம்பரில் மற்றொரு சங்கமும் தோன்றின. 1890 இலேயே அவை ஒன்றாயின. பகை தணியாதிருந்த காலத்தில் வரலாறு எழுதப் புகுந்தமையால், ஸ்ரோன் தம்மைப் பற்றிய குறிப்புகளை அந்நூலுக்கு அளிக்க மறுத்தார். அவர் சங்கத்தைப் பற்றிய இயலை ஸ்ரான்ரனின் மகள் ஹரியற் எழுதி இரண்டாம் பாகத்திற் சேர்க்க நேர்ந்தது. ஆறு பாகங்களில் எதிர்ச்சாராருக்குக் கிடைத்த இடம் அதனோடு ஒப்பிடின் மிகச் சிறிது. 1850 இல் வூஸ்ரர் நகரில் நிகழ்ந்த முதலாவது தேசிய மாநாட்டை முன்னின்று கூட்டியவருள் ஸ்ரோன் ஒருவர். எனினும் பிற்காலத்தார் நாவில், 1848 இல் நிகழ்ந்த செனக்கா போல்ஸ் கூட்டமே தோற்றுவாயாக நிலைபெற்றது. அக்கூட்டத்திற்கு அந்தனி வந்தாரேயல்லர் என்பதும் பலரால் மறக்கப்பட்டது.

இந்நிலையைத் திருத்தியது வாதமன்று. வீட்டுப் பெட்டிகளில் இருந்த தாள்களே. ஸ்ரோனின் மகள் அலிஸ் ஸ்ரோன் பிளாக்வெல் குடும்பக் கடிதங்களைப் பேணிக் காத்தார். அவை இன்று காங்கிரசு நூலகத்திலும் றட்கிளிவ் கல்லூரியில் தோன்றிய பெண்கள் ஆவணகத்திலும் உள்ளன. அவற்றைக் கற்றோர் எழுதிய நூல்களாலேயே பிரிவின் இரு பக்கமும் வெளிப்படலாயின.

நூலுக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுவது சோஜோனர் துரூத்தின் உரை. அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற அவ்வம்மையார் 1851 இல் அக்றன் நகர மாநாட்டிற் பேசினார். சில வாரங்களுள் மாரியஸ் றொபின்சன் என்பார் அவ்வுரையைப் பத்திரிகையில் வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 இல், பிரான்சிஸ் கேஜ் என்னும் பெண்மணி வேறொரு வடிவத்தை வெளியிட்டார். ஒரே வினா மீண்டும் மீண்டும் வரும் அமைப்பும் தென்மாநில அடிமைகளின் பேச்சுவழக்கும் இரண்டாவதிலேதான் உள்ளன, முதலாவதில் இல்லை. துரூத்தோ நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தவர். டச்சு மொழியே அவர் முதற்பேசிய மொழி. 'பெண் வாக்குரிமை வரலாறு' தழுவிக்கொண்டது இரண்டாவது வடிவத்தையே; அதனால் அதுவே உலகப் புகழ் பெற்றது. ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு கண்டு பழைய பாடத்தைத் தெளியும் முறையை அறிந்தார்க்கு இதன் பொருள் விளங்காமற் போகாது. துரூத் எழுத்தறியாதவர். தம் கையால் எழுதிய தாள் ஒன்றும் அவர் வைத்துச் செல்லவில்லை. பிறர் எழுதிய பாடங்களுள் ஒன்றைத் தேர்வதன்றி வேறு வழியில்லை.

எழுத்தறிந்தோர் தாள்களும் எளிதில் எஞ்சவில்லை. செனக்கா போல்ஸ் பிரகடனத்தின் மூலக் கையெழுத்துப் படி கிடைத்திலது. பிரடெரிக் டக்ளசின் அச்சகத்தில் அடிக்கப்பட்ட படியே எஞ்சியது. அந்தனியின் வாழ்க்கை வரலாற்றை ஹாப்பர் எழுதி முடித்தபின், அதற்குப் பயன்பட்ட கடிதங்களிற் பெரும்பகுதி எரிக்கப்பட்டது. நூல் முடிந்தபின் மூலம் எதற்கு என்னும் எண்ணமே அதற்குக் காரணம் போலும். ஸ்ரான்ரனின் மக்கள் இருவர் 1922 இல் தாயின் கடிதங்களை வெளியிட்டபோது, தமக்கு ஒவ்வாதவற்றை நீக்கியும் சொற்களை மாற்றியும் பதித்தனர். பகைவர் செய்த அழிவினும் அன்பர் செய்த அழிவு சிறிதன்று.

இவ்வழிவை உணர்ந்தோர் ஆவணகங்களை அமைக்க முயன்றனர். ஹங்கேரி நாட்டு றோசிக்கா ஷ்விம்மரின் தூண்டுதலால், வரலாற்றாசிரியை மேரி பியேட் 1935 இல் உலகப் பெண்கள் ஆவணக நிலையத்தை நியூயோர்க்கிற் தொடங்கினார். கறுப்பினப் பெண்களின் தாள்களைச் சேர்த்தற்கு டொரத்தி போட்டர் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. பணமும் ஒற்றுமையும் போதாமையால் 1940 இல் அந்நிலையம் கலைந்தது. ஆனால் அதன் நோக்கம் கலையவில்லை. 1911–12 உலகப் பயணத்தில் டச்சுப் பெண்மணி அலெற்றா யாக்கோப்சுடன் இலங்கைக்கும் வந்து சென்ற கரி சப்மன் கற், தமது நூற்றொகையை 1938 இல் காங்கிரசு நூலகத்திற்கு வழங்கினார். மோட் வூட் பார்க் தம் தொகுதியை 1943 ஓகஸ்ற் 26 இல் தாம் கற்ற றட்கிளிவ் கல்லூரிக்கு அளித்தார். வாக்குரிமைத் திருத்தம் 1920 இல் நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே.

ஐரோப்பாவின் கதை இதனினும் துயருடையது. றோசா மானுஸ், யொகன்னா நாபர், வில்லமைன் பொஸ்துமுஸ் ஆகியோர் 1935 டிசெம்பரில் அம்ஸ்ரடாம் நகரில் அனைத்துலகப் பெண்ணியக்க ஆவணகத்தை நிறுவினர். யாக்கோப்சின் தாள்களும் அங்குச் சேர்ந்தன. 1940 இல் ஜேர்மானியர் அதனைக் கொள்ளையிட்டு எடுத்துச் சென்றனர். யூதராகிய மானுஸ் 1941 இற் கைதாகி, நாற்சியர் சிறையிருப்பில் உயிர்நீத்தார். அழிந்தனவென்று கருதப்பட்ட தாள்கள் 1992 இல் மொஸ்கோவிற் கண்டறியப்பட்டு, 2003 இல் நெதர்லாந்துக்குத் திரும்பின. கொள்ளையிட்டோர்க்குப் பொன்னும் பொருளும் மட்டுமன்றி ஒரு சங்கத்துப் பெண்களின் கடிதங்களும் கொள்ளத்தக்கனவாய்த் தோன்றின என்பதே அவற்றின் மதிப்பைப் புலப்படுத்தும்.

எனினும் ஆவணகம் அனைத்தையும் நிரப்பவல்லது என்று கொள்ளல் தவறு. எழுத மேசையும் ஓய்வும், பேண வீடும் உடையவர் தாள்களே பெரும்பாலும் அங்கு வந்து சேர்கின்றன. துணியாலைப் பெண்ணும் வயலில் உழைத்தவளும் அங்குப் பிறர் வாயாற் பேசப்படுகின்றனர், பெரும்பாலோர் பேசப்படுவதேயில்லை. கறுப்பினப் பெண் தலைவியருள் மேரி சேச் ரெறல் போன்ற சிலரின் தாள்களே பெரிய நூலகங்களை அடைந்தன. மேரி மக்லியோட் பெத்தூன் நிறுவிய கறுப்பினப் பெண்கள் பேரவை தனக்கெனத் தனி ஆவணகம் அமைக்க வேண்டியிருந்ததன் காரணம் ஈதே. ஆதலின் ஆவணகத்தைப் புகுவோன் அங்கிருப்பவற்றை மட்டுமன்றி இல்லாதவற்றையும் எண்ணிப் படித்தல் வேண்டும்.

அங்ஙனம் படித்தலின் பயனை ஆன் கோடன், பற்றிசியா ஹொலண்ட் ஆகியோர் பதிப்புப் பணியிற் காணலாம். ஸ்ரான்ரன், அந்தனி ஆகியோரின் ஏறத்தாழ 14,000 ஆவணங்களைப் பல நூலகங்களில் தேடி 1991 இல் 45 நுண்படச் சுருள்களாக அவர்கள் வெளியிட்டனர். அவற்றுட் தெரிந்தெடுத்தவை 1997 முதல் 2013 வரை ஆறு நூல்களாக வந்தன. எரிந்தவை மீளவில்லை, ஆனால் பெற்றோர் பெட்டியில் எஞ்சியனவும் தூரத்து நண்பருக்குச் சென்றனவும் கூடியபோது, பெருநூல் கூறிய வரலாற்றுக்கு அருகே வேறொரு வரலாறு தோன்றியது. அதில் தலைவியர் ஐயுறுகின்றனர், சினக்கின்றனர், பணமின்றித் தவிக்கின்றனர், தவறும் செய்கின்றனர். அதனால் அவர்தம் பெருமை குன்றியதா எனின், இல்லை. குறையற்ற தெய்வங்கள் பெற்றுத் தந்த வரமன்று அவ்வுரிமை, குறையுள்ள மாந்தர் முரண்பட்டும் முயன்று பெற்றதென்பது துணிபாயிற்று.

பெருநூலை எழுதியோர் தம் இயக்கத்திற்குப் பெயர் தந்தனர். தாள்களைக் காத்தோர் அவ்வியக்கத்திற்கு நீதி தந்தனர். முன்னையதை மறுப்பது நன்றிகேடு. பின்னையதைப் புறக்கணிப்பது அறியாமை. உரிமைக்காகப் போராடிய ஒருவர் இறந்தபின் அவர் பெட்டியைத் திறப்போர், எரிக்கத்தக்கவை எவையெனத் தேடுமுன், எதிர்த்தவர்க்கும் அத்தாள்களிற் பங்குண்டு என்பதை நினைத்தல் வேண்டும்.