பால்மரத்துச் சருகு

மலேசியாவில் ஏது இலையுதிர் காலம் என்று கேட்பவர்கள் ஜொகூரின் ஆயர் ஈத்தாம் பக்கம் செம்பனைக்கு இடம்விட்டு மிஞ்சி நிற்கும் ரப்பர் தோட்டங்களைப் பிப்ரவரி, மார்ச் வெயிலில் போய்ப் பார்க்க வேண்டும். அமேசானிலிருந்து கியூ தாவரவியல் தோட்டம் சுற்றி 1877இல் சிங்கப்பூர் வந்திறங்கிய 22 கன்றுகளின் வாரிசுகள்தாம் பெரும்பாலும் இந்தப் பால்மரங்கள். இலை உதிர்க்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டன. மும்மூன்றாய்ச் சேர்ந்த இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, மொத்தமாய்க் கொட்டும். அப்போது பாலும் குறையும். பால் வெட்டுகிறவருக்கு அது கைக்காசு குறையும் காலம். சருகின் நிறத்தை ரசிக்க அவருக்கு நேரம் ஏது?

ரசிக்க வேண்டியது நிறத்தை மட்டுமல்ல, சருகு தரையை மூடிக் காப்பதையும்தான். அந்தக் காலத்துத் துரைமாருக்குப் புல் பூண்டற்ற வெறுந்தரைதான் நல்ல தோட்டத்தின் அடையாளம். நம் பெண்கள் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. பட்ட பிறகுதான் நிரைகளுக்கு நடுவே கொடிப்பயிர் படரவிட்டார்கள். வீட்டு முற்றத்தில் மட்டும் அந்த வெறுந்தரை மோகம் இன்னும் போகவில்லை. விடிந்ததும் பெருக்கு, குவி, கொளுத்து! திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், எரிவது நல்ல மூடாக்கு.

மூடாக்குப் போடுவதில் கைப்பக்குவம் உண்டு. முழு இலையை அப்படியே அடுக்கினால் ஓடு வேய்ந்த மாதிரி தண்ணீர் வழிந்தோடிவிடும். பாராங் கத்தியால் நாலு கொத்துக் கொத்தி, ஒரு மழையில் நனையவிட்டுப் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டிப் போடக் கூடாது, பட்டை அழுகும். காய்ந்த சருகை மண்ணுக்குள் புதைப்பதும் தவறு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, மிளகாய்ச் செடி வெளிறி நிற்கும். மேலே கிடந்தபடியே மக்கட்டும். வெட்டிய பசும்புல்லைக் கொஞ்சம் தூவினால் சீக்கிரம் மக்கும்.

சில வாரம் கழித்து ஓர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மேலே மொரமொரப்பு. அடியில் சதை கரைந்து நரம்பு மட்டும் வலையாய் நிற்கும் இலைகள், அவற்றைத் தைத்தபடி ஓடும் வெள்ளைப் பூஞ்சண இழைகள். அதற்கும் கீழே கறுத்து உதிரியான மக்கு. தொட்டதும் சுருளும் மரவட்டை ஒன்று. இத்தனையும் நாலு விரல் கனத்துக்குள்.

ஆயர் ஈத்தாம் சாலையோரக் கடைகளில் வாங்கிய மண்சாடிக்கும் சருகு மூடாக்கு பொருந்தும். வெயிலில் சாடி மண் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு விரல் சருகு அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஜொகூர் மழை அடித்தாலும் சேறு தெறித்துக் கீழிலைகளில் நோய் ஒட்டாது.

மிளகாயைப் பெரிய அளவில் போடுகிறவர்கள் வெள்ளிநிறப் பிளாஸ்டிக் விரிக்கிறார்கள். களை வராது, பூச்சியும் குறையும்; பிழைப்புக்கு அது சரிதான். எனக்கு அதில் ரசனை இல்லை. சுருட்டி எடுத்தால் கீழே அதே பழைய மண். சருகு போட்ட பாத்தியில் அடுத்த நாற்றுக்கு மண்வெட்டியே வேண்டாம், விரலால் குழி பறித்து நட்டுவிடலாம்.