மூச்சுக்குள் ஒரு செய்யுள்

தாராபுரம் வட்டாரத்தில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடந்தால் டச், போனஸ், பிடி என்று எல்லாவற்றையும் அலசுகிறோம். பாடிப் போகிறவரின் வாயில் ஓடுவதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டத்தின் பாதி வித்தை அங்கேதான் இருக்கிறது.

‘கபடி’யை அலகிட்டுப் பாருங்கள். நிரை, நேர்: புளிமா. பழைய ‘சடுகுடு’ நிரை, நிரை: கருவிளம். இரண்டிலும் நெடில் கிடையாது, மெய்யெல்லாம் வல்லினம். க, ப, ட என்னும்போது நாக்கோ உதடோ காற்றை ஒரு கணம் அடைத்துவிட்டுத்தான் விடும். அதனால் மூச்சு சிக்கனமாகச் செலவாகிறது. சகரத்தில் மட்டும் கொஞ்சம் கசியும். மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்த நன்னூலார் பவணந்தியைக் கொங்கு நாட்டவராகவே சொல்வார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை என்ற அந்த அளவைக்குக் களத்தில் உயிர் வருகிறது.

ஊர்ப்புறச் சடுகுடுப் பாட்டு இன்னும் நுட்பமானது. பாட்டன் பெயரைச் சொல்லிச் சவால் விடும் சில அடிகள். அடிக்கு அடி மோனை. முந்தைய அடியையே எடுத்துக்கொண்டு ஓரிரு சொற்களை மட்டும் மாற்றும் அடுத்த அடி. கடைசியில் ‘வாரேண்டா’ போன்ற ஒரு சொல், மூச்சு தீரும்வரை திரும்பத் திரும்ப வரும். அசை மூன்றும் நேர், தேமாங்காய். கோட்டைத் தாண்டும்போது பாட்டு. எதிரணி வளைக்கும்போது ஒரே சொல். அடுத்து என்ன பாடுவது என்ற யோசனையே வேண்டாம், கவனம் முழுக்கக் கால்களுக்குப் போய்விடும். நடுவருக்கும் இது வசதி. ஒரே சீர் ஓடிக்கொண்டிருக்கையில் நடுவில் மூச்சு இழுத்தால் தாளம் தவறுவது காதில் விழுந்துவிடும்.

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமானது. இன்றைய சர்வதேச விதிப்படி ‘கபடி’ என்ற ஒரு சொல்தான். ரெய்டுக்கு 30 விநாடி. பல மொழிக்காரர்கள் சேர்ந்து ஆட அது தேவைதான். ஆனால் எல்லையைக் கடிகாரம் வகுத்தபின் பாட்டு உதட்டளவு முணுமுணுப்பாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

வரும் பொங்கலுக்குப் போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்தாரே, கடிகாரம் இல்லாமல் ஒரு காட்சி ஆட்டம் வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பாட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பசங்களும் புள்ளைகளும் அதைப் பாடிப் போகட்டும். மூச்சு விடாமல் தெளிவாகப் பாடியவருக்கு ஒரு பரிசு ஒதுக்குங்கள்.