கடுகளவு வில்லை

நுண்ணோக்கி என்றால் பள்ளி ஆய்வகத்துக் குழாயும் மேடையும்தான் நினைவுக்கு வரும். டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டில் செய்த கருவியில் குழாயே கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே கடுகளவில் ஒரே ஒரு வில்லை. பார்க்கவேண்டியதை ஊசிமுனையில் வைத்து, திருகைத் திருகி நேர்படுத்தி, தகட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும். பொறுமையில்லாதவர் கையில் அது வெறும் தகரம்.

அக்காலத்துப் பலவில்லை நுண்ணோக்கிகளில் பிம்பம் மங்கும், விளிம்பில் நிறம் பிசிறடிக்கும். ஒற்றை வில்லையில் அந்தத் தொல்லை குறைவு. அவர் செய்தவற்றில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் இன்றும் இருக்கும் ஒன்று சுமார் 270 மடங்கு பெருக்கிக் காட்டும். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள (என்ன அருமையான கேள்வி!) லீவன்ஹூக் அதை நீரில் ஊறவைத்தார், காரத்தின் காரணம் கிடைக்கவில்லை, பாக்டீரியா கிடைத்தது. அதை 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மறுவருடம் விந்தணுக்களைப் பற்றி எழுதும்போது மட்டும் கூச்சம்; அருவருப்பாகத் தோன்றினால் வெளியிடவேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வில்லை செய்யும் விதத்தைக் கடைசிவரை சொல்லவில்லை. 2021இல் உட்ரெக்ட் கருவியைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர்களால் ஆராய்ந்தார்கள். உள்ளே இருந்தது உருக்கிய கண்ணாடி மணி. அப்படி மணி உருக்கும் வித்தையை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665லேயே அச்சில் போட்டுவிட்டார்!